ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் வெப்சைட்டைப் புதுப்பிக்க வேண்டும், எங்கே தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இது: பெங்களூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, சிறு கடைகளுக்கான பில் மற்றும் கணக்கு மென்பொருள் ஒன்றை ஏழெட்டு வருடமாக ஓப்பன் சோர்ஸாக (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடியதாக) நடத்தி வருகிறீர்கள். வெப்சைட் பழையதாகிவிட்டது. டிசைனர் நண்பர் ஒருவர் அழகாக ஒரு முகப்பு வரைந்து கொடுத்திருக்கிறார். அதை ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பில் கட்டுவதா, வேர்ட்பிரஸ் என்ற தள மேலாண்மை மென்பொருளில் போடுவதா, தமிழும் கன்னடமும் சேர்ப்பதா, எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: டவுன்லோடு செய்தவர்கள் முதல் பில் போடுவதற்குள் விட்டுவிடுகிறார்கள், புதிதாக யாரும் கை கொடுக்கவும் வருவதில்லை. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ரியாக்டா வேர்ட்பிரஸா என்பதற்கும் பதில் உண்டு, ஆனால் அது பின்னால் வரும்.

நான் இதே ஊரில் பல வருடமாக மென்பொருள் ஆவணங்கள் எழுதுவதும், அவை உட்காரும் வெப்சைட்டுகளைக் கட்டுவதுமாகப் பிழைப்பவன். சில திறமூல (ஓப்பன் சோர்ஸ்) திட்டங்களின் தளங்களை மாற்றியமைப்பதில் கூட இருந்திருக்கிறேன். லோகோ, நிறம், பிராண்டிங் எல்லாம் என் கை வேலை அல்ல. அந்தப் பக்கம் உங்கள் நண்பர் சொல்வதை நம்புங்கள். மற்றதில் எது உறுதி, எது என் அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று பாருங்கள். இதற்குக் கருத்துக்கணிப்பு எதுவும் தேவையில்லை. கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்தால், எந்தச் சொற்களைத் தேடி எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று தெரிந்துவிடும். நான் பார்த்த தளங்களில் பெரும்பாலானவற்றில் முகப்புப் பக்கத்தை விட, உள்ளே எங்கோ இருக்கும் ஒரு உதவிப் பக்கத்துக்குத்தான் கூட்டம் நேரே வந்து இறங்கும். 'ஜிஎஸ்டி பில் பிரின்ட் வரவில்லை' என்று தேடி வருகிறவருக்கு உங்கள் முகப்பில் என்ன படம் ஓடுகிறது என்பது பற்றிக் கவலையே கிடையாது. உங்கள் தளமும் அப்படித்தானா என்பதை உங்கள் எண்களை வைத்தே முடிவு செய்யுங்கள். அப்படியென்றால், நண்பர் வரைந்து கொடுத்த முகப்பு, வேலையில் ஒரு சிறு பங்குதான். உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அவரிடம் வரைந்து வாங்கினீர்களா? இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள்: நீளமான ஒரு பக்கம், நடுவில் அட்டவணை, இரண்டு ஸ்கிரீன்ஷாட், ஒரு எச்சரிக்கைக் கட்டம், பக்கவாட்டில் மெனு, இதெல்லாம் சின்ன மொபைல் திரையில் எப்படி விழும் என்று.

அப்புறம் பிழைகளும் கோரிக்கைகளும் பதிவாகும் இஷ்யூ பட்டியலையும் உங்கள் டெலிகிராம் குழுவையும் ஒரு மாலை உட்கார்ந்து பின்னோக்கிப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். அவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சில கேள்விகளுக்குப் பதில் தளத்தில் இருக்கும், ஆனால் கண்ணில் படாது. அது வெப்சைட்டின் குறை. வேறு சிலவற்றுக்கு எந்த வெப்சைட்டும் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் குறை மென்பொருளில் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் தளப் புதுப்பிப்புகளில் நான் அதிகம் பார்க்கும் வீண் உழைப்பு.

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியன் இதற்கு நல்ல உதாரணம். பல வருடம் அவர்கள் அதிகாரபூர்வமாகக் கொடுத்த இன்ஸ்டாலரில், யாரும் மாற்றவும் பகிரவும் விடும் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) கோப்புகள் இருக்காது. நிறைய லேப்டாப்களில் வைஃபை அட்டைக்கு அந்தக் கோப்பு வேண்டும். அது சேர்ந்த இன்ஸ்டாலரும் இருந்தது, ஆனால் அதிகாரபூர்வமற்றது என்ற பெயரோடு ஒரு ஓரத்தில். புதிதாக வருகிறவர் பெரிய பொத்தானை அழுத்தி இறக்குவார், நிறுவ ஆரம்பித்தால் வைஃபை வேலை செய்யாது, டெபியனே சரியில்லை என்று போய்விடுவார். 2020 டிசம்பரில் அவர்களுடைய முகப்புப் பக்கம் புதிதாக வந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் இந்தச் சிக்கல் தீர்ந்தது 2022 அக்டோபரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேரைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்த பிறகுதான். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் அது நடைமுறைக்கு வந்தது. பக்கத்தை எத்தனை முறை மாற்றி வரைந்திருந்தாலும் இது நடந்திருக்காது. உங்கள் மென்பொருளை நிறுவ முதலில் ஒரு டேட்டாபேஸை நிறுவி, பாஸ்வேர்டு அமைத்து, பிறகு ஒரு கோப்பைத் திருத்த வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் விட்டுவிட்டுப் போகும் இடம் அதுவாக இருந்தால், புது முகப்பு செய்யப்போவது அந்த இடத்துக்கு இன்னும் நிறையப் பேரை அனுப்பி வைப்பது மட்டுமே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லை, ஆனால் கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டும். அல்சூரிலோ சிவாஜிநகரிலோ தெரிந்த கடை ஒன்றுக்குப் போங்கள். நம் தமிழ் ஆட்கள் கடை அங்கே நிறைய. கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்து, "அண்ணா, இந்த சாஃப்ட்வேரை இறக்கி ஒரே ஒரு பில் போட்டுக் காட்டுங்களேன், நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்" என்று கேளுங்கள். பிறகு உண்மையிலேயே சும்மா உட்காருங்கள். அவர் தவறான இடத்தை அழுத்தும்போது உங்கள் கை துடிக்கும், விரல் நீட்டக் கூடாது. "இதை அழுத்தினால் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று வேண்டுமானால் கேட்கலாம். அவர் எந்தச் சொல்லில் தேடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் 'இன்வாய்ஸ் மாட்யூல்' என்று எழுதியிருப்பீர்கள், அவர் 'பில்லு எங்க இருக்கு' என்று கேட்பார். மெனுவில் வர வேண்டிய சொல் உங்களுக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

எத்தனை பேரிடம் இப்படிப் பார்க்க வேண்டும்? ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் சொன்னது பிரபலம். அந்தக் கணக்கு எல்லாத் தளங்களுக்கும் பொருந்தாது என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு. என் நடைமுறை அனுபவத்தில், மூன்றாவது ஆளும் அதே இடத்தில் தடுக்கினால் நான்காவது ஆளைத் தேடுவதற்கு முன் அந்த இடத்தைச் சரி செய்வது நல்லது. ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் பயனில்லை என்பது மட்டும் நிச்சயம். ஒரு கடைக்காரர், கணக்கு எழுதும் ஒருவர், கடைக்காரருக்கு இதை நிறுவிக் கொடுக்கும் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர்க்காரர், கைகொடுக்க விரும்பும் ஒரு கல்லூரி மாணவர் என்று கலந்து எடுங்கள். ஓப்பன் சோர்ஸ் ஆர்வலர்களுக்கான ஃபாஸ் யுனைடெட் அமைப்பின் பெங்களூரு சந்திப்புகளுக்குப் போனால் உதவ ஆள் கிடைக்கும். ஆனால் அங்கே வருகிறவர்கள் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைப் பார்த்துப் பயப்படாதவர்கள். கடைக்காரருக்குப் பதிலாக அவர்களை உட்கார வைத்துச் சோதித்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

முகப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. இது என்ன மென்பொருள், யாருக்கு, எந்தக் கணினியில் ஓடும், காசு உண்டா இல்லையா, கடைசியாக எப்போது ரிலீஸ் வந்தது, இவை திரையை உருட்டாமலே தெரிய வேண்டும். கூடவே உண்மையான ஸ்கிரீன்ஷாட் ஒன்று. வானத்தைப் பார்த்துச் சிரிக்கும் கடைக்காரர் ஓவியம் வேண்டாம், ஒரு நிஜ பில் வேண்டும். கடைசி ரிலீஸ் தேதியை ஏன் சொல்கிறேன் என்றால், ஓப்பன் சோர்ஸ் பழகியவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்: இந்தத் திட்டத்துக்கு உயிர் இருக்கிறதா என்று. அதைக் கையால் எழுதாதீர்கள், ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். ரிலீஸ் செய்யும்போது தானாக மாறும்படி வையுங்கள்.

எதைச் சேர்ப்பது என்பதை விட எதை எடுப்பது என்பதில்தான் ஜாக்கிரதை தேவை. ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியின் தளம் 2018 டிசம்பரில் 1.31 பதிப்போடு சேர்த்துப் புதிதாக வந்தபோது பெரிய சலசலப்பு கிளம்பியது. நிறம் பிடிக்கவில்லை என்றவர்கள் ஒரு பக்கம், அது போகட்டும். கனமான புகார்கள் வேறு. பழைய முகப்பில் மொழி எப்படி இருக்கும் என்று காட்டும் சிறு நிரல் துண்டு இருந்தது, புதியதில் இல்லை. பழைய தளம் பல மொழிகளில் இருந்தது, புதியது வெளியான அன்று ஆங்கிலம் மட்டும்தான். மொழிபெயர்ப்புகள் பின்னால் திரும்பி வந்தன, பழைய தளத்தையும் தனி முகவரியில் விட்டு வைத்தார்கள். ஆனால் தங்கள் உழைப்பு ஒரே நாளில் காணாமல் போனதைப் பார்த்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தன்னார்வலர்களை வைத்து நடக்கும் திட்டத்தில் இது சின்ன விஷயமே இல்லை. உங்கள் பழைய தளத்தில் யாரோ ஒருவர் எழுதிய கன்னட நிறுவல் குறிப்பு இருக்கிறது என்றீர்களே, அவரிடம் முதலில் பேசுங்கள்.

ஆவணங்கள் பக்கம் வருவோம். டேனியலே ப்ரோசிடா உருவாக்கிய டயாடாக்சிஸ் என்ற ஒழுங்குமுறை இப்போது பல திட்டங்களில் புழங்குகிறது. ஆவணங்களை நான்கு வகையாகப் பிரிக்கச் சொல்கிறது: கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கும் பாடம், ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்கும் வழிமுறை, தகவலைப் புரட்டிப் பார்க்கும் உசாத்துணை, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். இதை அட்சரம் பிசகாமல் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் உங்கள் 'தொடங்குவது எப்படி' பக்கத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். முதல் பில் போடச் சொல்லித்தருகிற இடத்தில் நடுவே வரி விகிதங்களின் முழு அட்டவணையும், ஏன் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்தோம் என்ற இரண்டு பத்தியும் இருக்கின்றன. மூன்றும் நல்ல எழுத்து, மூன்றும் வெவ்வேறு ஆளுக்கானது. பிரித்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆவணங்கள் நிரலோடு ஒரே ரிப்போவில் (நிரலைச் சேமிக்கும் களஞ்சியத்தில்) இருப்பது நல்லது. அப்போதுதான் ஒரு வசதியை மாற்றும் புல் ரிக்வெஸ்டிலேயே (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையிலேயே) 'ஆவணத்தையும் மாற்று' என்று கேட்க முடியும். தனி ரிப்போவில் வைத்தால் அது பின்தங்கிக்கொண்டே போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சொல்லப்போவது அபிப்பிராயம் அல்ல, உறுதியான விஷயம்: பழைய முகவரிகளை உடைக்காதீர்கள். தளம் மாறும் முன் இப்போதுள்ள எல்லாப் பக்கங்களின் யூஆர்எல்களையும் ஒரு கோப்பில் எடுத்துவிடுங்கள். தளப் பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பிலிருந்து பாதி கிடைக்கும், சர்வர் பதிவுகளிலிருந்தும் சர்ச் கன்சோலிலிருந்தும் மீதி. ஒவ்வொன்றுக்கும் புதிய தளத்தில் இணையான பக்கம் எது என்று எதிரே எழுதி, 301 என்ற நிரந்தரத் திருப்பத்தைப் போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பி விடுவது சோம்பேறி வேலை, வருகிறவருக்கும் பயனில்லை, தேடுபொறியும் அதைக் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளக் கூடும். திருப்பங்களைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நீங்கள் எடுக்கவே வேண்டாம் என்பேன். காரணம், உங்கள் மென்பொருளுக்குள்ளேயே பிழைச் செய்திகளிலும் உதவி மெனுவிலும் தளத்தின் முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். நான்கு வருடம் முன் நிறுவிய பதிப்பு இன்னும் ஏதோ ஒரு கடையில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் 'உதவி'யை அழுத்தினால் 404 (பக்கம் இல்லை) என்ற பிழை வரக் கூடாது. நிரலுக்குள் உங்கள் டொமைன் பெயரைத் தேடிப் பாருங்கள், எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

இதில் இரண்டு நுணுக்கம். முகவரியில் ஹேஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை, அதனால் சர்வரில் போடும் திருப்பத்தால் அதைக் கையாள முடியாது. பக்கத்துக்குள் உள்ள தலைப்புகளுக்குப் பழைய அடையாளங்களையே வைத்துக்கொள்வதுதான் எளிய வழி. இரண்டாவது, தளங்களை வைத்து நடத்தும் சேவையான கிட்ஹப் பேஜஸில் உண்மையான 301 திருப்பங்களை நீங்களாக எழுத முடியாது, பக்கம் திறந்த பிறகு வேறிடத்துக்குத் தள்ளிவிடும் ஒட்டுப்போட்ட வழிதான் உண்டு. அதே மாதிரிச் சேவைகளான நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இரண்டிலும் ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதினால் போதும். கிட்ஹப் பேஜஸில் தளத்தின் மொத்த அளவுக்கு 1 ஜிபி வரம்பும் இருக்கிறது. செயல்விளக்க வீடியோக்களை உள்ளேயே போட்டு வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், கவனம்.

முகவரி பற்றிப் பேசும்போதே இன்னொன்று. டொமைன் யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் ஆரம்பித்த நண்பரின் சொந்த மின்னஞ்சலில், அவருடைய கிரெடிட் கார்டில் இருக்கும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தானியங்கிப் பணப் பிடித்தத்துக்கான ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்தியக் கார்டில் அப்படிப் பணம் போவது பலருக்கு நின்றுபோனது. டிசைனைத் தொடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். இரண்டு பேராவது கணக்குக்குள் நுழைய முடிய வேண்டும், முடிந்தால் சில வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

சரி, ரியாக்டா வேர்ட்பிரஸா. இரண்டும் வேண்டாம் என்பது என் பதில், ஆனால் இது முழுக்க உங்கள் குழுவைப் பொறுத்தது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: டிசைனர் நண்பர் வேலை மாறி வேறு ஊர் போன பிறகு, நிரலாக்கம் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர், ஒரு எழுத்துப் பிழையைத் தானே திருத்தி வெளியிட முடியுமா? உங்களைப் போன்ற திட்டத்துக்கு மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளிலிருந்து எச்டிஎம்எல் பக்கங்களை உருவாக்கும் ஸ்டாடிக் முறையே போதும். அப்படிச் செய்யும் கருவிகளில் ஹ்யூகோ ஒற்றைக் கோப்பாக வருகிறது. இன்று பயன்படுத்தும் பதிப்பைக் குறித்து வைத்துவிட்டால் மூன்று வருடம் கழித்தும் அதே பதிப்பை இறக்கித் தளத்தைக் கட்டலாம். நீங்கள் பைத்தான்காரர்கள் என்பதால் எம்கேடாக்ஸ் அல்லது ஸ்ஃபிங்ஸ் இன்னும் கைக்கு வாகாக இருக்கும். டாக்யுசாரஸில் பல பதிப்பு ஆவணங்களும் மொழிபெயர்ப்பும் கூடவே வருகின்றன, நல்ல கருவி. ஆனால் அது நம்பியிருக்கும் நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) தொகுப்புகள் பின்னாலேயே வரும். இரண்டு வருடம் தொடாமல் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் முதல் நாள் முழுக்க அவற்றைச் சமாதானப்படுத்துவதில் போகும். நிரலே எழுதாதவர்கள் வாராவாரம் கட்டுரை போடுகிறார்கள் என்றால் வேர்ட்பிரஸுக்கு நியாயம் உண்டு. ஆனால் வேர்ட்பிரஸையும் அதன் பிளகின்களையும் விடாமல் அப்டேட் செய்ய ஒரு ஆள் வேண்டும். அப்படி ஆள் இல்லாமல் ஹேக் ஆன திறமூலத் தளங்களைப் பார்த்திருக்கிறேன். டவுன்லோடு பக்கம் உள்ள தளத்தில் அது விளையாட்டல்ல.

தமிழ், கன்னடம் சேர்ப்பது பற்றி. சேருங்கள், ஆனால் முழுத் தளத்தையும் அல்ல. நிறுவுவது, முதல் பில் போடுவது, பேக்கப் எடுப்பது, இந்த மூன்று பக்கங்களை மட்டும் முதலில் நன்றாகக் கொண்டு வாருங்கள். காலாவதியான மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பே இல்லாததை விட மோசம். ஆங்கிலம் தெரியாமல் தமிழை மட்டும் நம்பி வருகிறவர்தான் அந்தப் பழைய தகவலில் மாட்டிக்கொள்வார். டெபியன் தளத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பக்கத்திலும், அது மூலத்தின் எந்த மாற்றம் வரைக்குமானது என்ற குறிப்பு இருக்கும். மூலம் ரொம்ப முன்னால் போய்விட்டால் 'இந்த மொழிபெயர்ப்பு பழையது' என்ற அறிவிப்பு தானாக மேலே வந்துவிடும். சிறு திட்டமும் இதைக் கொஞ்சம் ஸ்கிரிப்ட் எழுதிச் செய்துகொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கு, கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் தெரியாது என்றால், பிரவுசரிலேயே மொழிபெயர்க்க உதவும் வெப்லேட் வசதியானது, கட்டற்ற திட்டங்களுக்கு அவர்களே இலவசமாக இடமும் தருகிறார்கள்.

தமிழ்ப் பக்கங்களில் டிசைன் எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தை வைத்து அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காது, 'டவுன்லோடு' உட்காரும் இடத்தில் 'பதிவிறக்கம் செய்க' வழிந்துவிடும். அகலத்தைக் கட்டிவைக்காமல் விடச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழ்க் கொம்பும் சுழியும் நெருக்கியடிக்கும், கொஞ்சம் கூட்ட வேண்டும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டு ஸ்டைல் காட்டுவது தமிழில் அசிங்கமாக இருக்கும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒன்று போதும், ஆனால் தடித்த எழுத்துக்குத் தனிக் கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பிரவுசர் தானாகவே தடிமனாக்கி எழுத்தை அப்பிவிடும். பக்கத்தின் எச்டிஎம்எல்லில் மொழி தமிழ் என்று குறிப்பிட மறக்காதீர்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் எந்தக் குரலில் படிப்பது என்று அதை வைத்தே தீர்மானிக்கின்றன. நண்பரின் டிசைனில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது, டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மைத் தரத்தின் இரண்டாம் படிநிலை. கடைக்காரர் வெயில் விழும் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறார் என்பதை நினைத்தால் அந்த எண் கூடுதலாகத் தோன்றாது.

மொழி மாற்றும் மெனுவில் தமிழ் என்பதைத் தமிழிலும் கன்னடம் என்பதைக் கன்னட எழுத்திலும் எழுதுங்கள். கொடிப் படங்கள் வேண்டவே வேண்டாம், இந்த ஊரில் அதனால் வரும் பேச்சு தனி. இருக்கும் இடத்தை வைத்துத் தானாக மொழி மாற்றுவதும் கூடாது. பெங்களூரிலிருந்து வருகிறார் என்பதால் கன்னடம் வாசிப்பார் என்று சொல்ல முடியாது, அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேடலையும் சோதியுங்கள். 'கடை' என்று தேடினால் 'கடைக்கு', 'கடையில்' என்று எழுதிய பக்கமும் வர வேண்டும். ஸ்னோபால் என்ற நிரல் தொகுப்பில் தமிழுக்கு ஸ்டெம்மர் (சொல்லின் விகுதிகளை வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் நிரல்) இருக்கிறது, ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் தேடல் கருவி அதைப் பயன்படுத்துகிறதா என்று நிஜப் பக்கங்களை வைத்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

குழுவுக்குள் எப்படி ஒத்துப்போக வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் இழுத்தடிக்கும். தளத்தின் நோக்கமும் பக்கங்களின் பட்டியலும் எல்லோரிடமும் விவாதத்துக்குப் போகட்டும், இரண்டு வாரம் கெடு வையுங்கள். நிறமும் எழுத்துருவும் போக வேண்டாம். அதை இரண்டு மூன்று பேர் முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். எல்லோருக்கும் நீலத்தைப் பற்றி ஒரு கருத்து உண்டு, பேக்கப் பக்கத்தைப் படித்துப் பார்த்தவர் ஒருவர்தான் இருப்பார். நண்பரிடமிருந்து டிசைனின் மூலக்கோப்பை வாங்கி ரிப்போவில் வையுங்கள், படங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் உரிமம் என்ன என்று எழுதி வாங்குங்கள். மென்பொருள் கட்டற்றது, லோகோவின் உரிமம் யாருக்கும் தெரியாது என்ற நிலை நிறையத் திட்டங்களில் இருக்கிறது.

வெளியிடும்போது ஒரே இரவில் மாற்றாதீர்கள். ரியாக்டின் புதிய ஆவணத் தளம் 2021-இலிருந்தே பீட்டாவாக வெளியில் இருந்து, 2023 மார்ச்சில்தான் முழுத் தளமாக வந்தது. பழையதையும் தனி முகவரியில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு காலம் வேண்டாம், ஒரு மாதம் துணை முகவரியில் விட்டாலே போதும். அந்தச் சோதனைத் தளம் கூகுளில் வராமலிருக்கத் தடைக்குறி போடுவீர்கள். நிஜத் தளமாக மாற்றும் அன்று அதை எடுக்க மறந்து, ஏன் தேடலில் காணோம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். வெளியிட்ட மறுநாள் முதல் 404 பதிவுகளை ஒரு மாதம் தினமும் பாருங்கள்.

கடைசியாக, எத்தனை நாள் பிடிக்கும். டிசைனும் கட்டுமானமும் வாரயிறுதிகளில் இருவர் உட்கார்ந்தால் ஓரிரு மாதத்தில் முடியும். எழுத்துதான் இழுக்கும், அதற்கு அதைப் போல இரண்டு மடங்காவது ஒதுக்குங்கள். இது என் அனுபவக் கணக்கு, உங்கள் குழு வேறு மாதிரி இருக்கலாம். நேரம் போதவில்லை என்றால் நிறுவல் பக்கம், முதல் பில் பக்கம், திருப்பங்கள், இவை மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளிப் போடுங்கள். அனிமேஷன், செய்திமடல், வலைப்பதிவு எல்லாம் பிறகு. டார்க் மோடு பற்றிக் கவலையே வேண்டாம், தளம் வெளியான ஒரு வாரத்தில் யாராவது ஒருவர் கேட்காமலே அதற்கான நிரல் மாற்றத்தை (பேட்ச்) அனுப்பிவிடுவார்.